ஆட்சேபணை தெரிவிக்கக் கோரும் விண்ணப்பம்

சிகந்தராபாத் லோத்குண்டாவில் ராணுவ வேலியை ஒட்டிய தெருவில் குடியிருந்த சிலாஸுக்கு, 1981ஆம் வருஷம் பிப்ரவரி பதினோராம் தேதி, கடல் கடந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு பல்கலைக்கழகம் அவனை மேல்படிப்புக்குச் சேர்த்துக்கொள்வதாகவும், படிப்புச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் தானே ஏற்பதாகவும், செப்டம்பர் ஏழாம் தேதிக்குள் நேரில் வந்து சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் எழுதியிருந்தது. சிலாஸ் அதை மூன்று முறை படித்தான். பிறகு உறையைத் திருப்பி முகவரி தன்னுடையதுதானா என்று பார்த்தான். அதே பெயரில் தெருவில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று யோசித்தான். யாரும் இல்லை என்று உறுதியான பிறகே அம்மாவைக் கூப்பிட்டான்.

அம்மா மெட்டில்டா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி சிகந்தராபாத்துக்கு வந்து முப்பது வருஷமாகியும் அவள் பேச்சு திருநெல்வேலியை விட்டு நகரவில்லை.

"எந்த நாட்டுல?"

சிலாஸ் சொன்னான்.

"மெதுவா சொல்லு. காரியம் கைக்கு வந்து சேருத மட்டும் அந்தப் பேர இந்த வீட்டுல ஒருத்தரும் எடுக்கக் கூடாது, கேட்டியா?"

அவளுடைய விருப்பத்தை மதித்து நாமும் அந்த நாட்டின் பெயரை எடுக்காமல் விட்டுவிடுவோம்.

சிலாஸ் தேசிய அழுத்தமானி நிறுவனத்தில் வேலை பார்த்தான். மத்திய அரசுக்குச் சொந்தமான அந்த நிறுவனம், கொதிகலன்களில் உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று காட்டும் கருவிகளைச் செய்தது. நுழைவாயிலில் பத்தடி உயரத்துக்கு ஒரு அழுத்தமானி நின்றது. அதன் முள் பதினெட்டு வருஷமாகப் பூஜ்யத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அதில் நிர்வாகத்தின் குற்றம் ஒன்றுமில்லை. அது சிமெண்டில் செய்தது.

வரைபடங்களில் தவறு இருந்தால் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவது அவன் வேலை. எட்டு வருஷமாக வட்டம் போட்டான். அதில் ஏழு வருஷம், மாலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக மாலை வகுப்புக்குப் போய், எஞ்சினியர் ஆவதற்கான பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி முடித்திருந்தான். அவனிடம் ஒரு டைரி இருந்தது. ஒவ்வொரு நாளும் இடது பக்கத்தில் வரைபடங்களில் கண்ட தவறுகளையும் வலது பக்கத்தில் தன்னிடம் கண்ட தவறுகளையும் எழுதுவான். வலது பக்கம்தான் பெரும்பாலும் முதலில் நிறையும்.

ஆனால் நிறுவனத்தில் அவனை எல்லோருக்கும் தெரிந்திருந்ததற்கு இது எதுவும் காரணமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் தீயணைப்பு ஒத்திகையில் காயம்பட்டவன் அவன்தான். விதிப்படி, காயம்பட்டவரை இரண்டாவது மாடியிலிருந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்குத் தொண்ணூறு வினாடிக்குள் வர வேண்டும். ஸ்ட்ரெச்சர் தூக்கும் காவலர்களுக்குச் சராசரி வயது ஐம்பத்தாறு. ஒரு வருஷம் எண்பத்திரண்டு கிலோ எடையுள்ள ஸ்டோர்ஸ் மேலாளரைப் படுக்கவைத்தார்கள். அவர் இரண்டாவது மாடியில் நடித்த காயம் முதல் மாடிக்கு வருவதற்குள் உண்மையாகிவிட்டது. அன்று முதல் நாற்பத்தாறு கிலோ சிலாஸ் நிரந்தரமானான்.

படிக்கப் போக விசா வேண்டும். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு, அரசு நிறுவன ஊழியர் என்பதால், நிர்வாகம் ஆட்சேபணை இல்லை என்று சான்றிதழ் தர வேண்டும். சிலாஸ் இவற்றை ஒரு தாளில் கீழிருந்து மேலாக எழுதிக்கொண்டு ஊழியர் பிரிவுக்குப் போனான்.

அங்கே நாராயணஸ்வாமி இருந்தார். சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர், தலைமை குமாஸ்தா. ஏன், ஆமாம், வேண்டாம் என்ற மூன்றும் அவர் தமிழில் கைக்கு, ஹவ், நக்கோ என்று ஊர் உருதுவில்தான் வரும்.

"கைக்குப்பா உனக்கு இந்த வேலை?" என்றார். "இங்க என்ன குறை? பஸ் இருக்கு, கேன்டீன் இருக்கு, சட்டை துவைக்க சோப்புகூட தர்றாங்க."

"படிக்கணும் ஸார்."

"அதான் படிச்சு முடிச்சிட்டியே! மறுபடியுமா?" அவர் ஒரு நீளமான தாளை எடுத்தார். "ஹவ், எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. ஆனா எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொல்றதுக்கு, பதினாலு செக்‌ஷனுக்கும் ஆட்சேபணை இல்லைன்னு எங்களுக்குத் தெரியணும். ஒவ்வொண்ணா போய் கையெழுத்து வாங்கிட்டு வா."

நூலகத்தில் கையெழுத்து உடனே கிடைத்தது. விளையாட்டு மன்றத்தில் கிடைக்கவில்லை. சிலாஸ் ஒருநாளும் விளையாடியதில்லை, ஆகவே அவன் மட்டையையோ பந்தையோ எடுத்துப்போகவில்லை என்று சொல்லத் தனக்கு ஆதாரமில்லை என்றார் செயலாளர். எடுத்துத் திருப்பித் தந்தவனைப் பற்றித்தான் திருப்பித் தந்தான் என்று எழுத முடியும். அன்று மதிய இடைவேளையில் சிலாஸ் கேரம் ஆடித் தோற்று, ஸ்ட்ரைக்கரைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினான்.

கருவி அறையில் மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொரு ஊழியருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. கருவி எடுக்கும்போது அதைக் கொடுத்தால், கருவி தொங்கிய ஆணியில் அதை மாட்டிவைப்பார்கள். கருவி திரும்பினால் வில்லை திரும்பும். கருவி அறைக் காப்பாளர் சின்னசாமி சுவரைக் காட்டினார்.

"நானூத்திப் பதினேழு உன் வில்லை தானே? பாரு, தொங்குது. எழுபத்தஞ்சுல ஒரு மைக்ரோமீட்டர் எடுத்திருக்கே."

"திருப்பிக் கொடுத்துட்டேன் ஸார். அதோ, அந்த அலமாரியில அதுதான் இருக்கு."

"இருக்கு, நான் இல்லைங்கலியே. கருவியும் இருக்கு, வில்லையும் இருக்கு. அதான்யா சிக்கலு. ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா என்ன அர்த்தம்? ஒண்ணு, நீ எடுக்கவே இல்லை. இல்லைன்னா, நீ இன்னும் திருப்பவே இல்லை."

"வில்லையை எடுத்து எங்கிட்ட கொடுத்துட்டா?"

"கருவி வாங்காம வில்லை தர முடியாது. நீ மறுபடி மைக்ரோமீட்டரை எடு, மறுபடி திருப்பிக் கொடு. நான் வில்லை தர்றேன்."

"சரி ஸார், எடுத்துக்கறேன்."

"எப்படி எடுப்பே? வெளிநாடு போறேன்னு எழுதிக் கொடுத்தவனுக்குக் கருவி தரக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்கே."

கடைசியில் சிலாஸ் வெளிநாடு போகும் எண்ணத்தைக் கைவிடுவதாக ஒரு செவ்வாய்க்கிழமை காலை எழுதிக் கொடுத்தான். மைக்ரோமீட்டரை அலமாரியிலிருந்து மேஜைக்கு எடுத்தான். மேஜையிலிருந்து அலமாரிக்குக் கொடுத்தான். மதியம் எண்ணத்தை மறுபடி மேற்கொள்வதாக எழுதிக் கொடுத்தான். அன்று டைரியின் வலது பக்கத்தில், 'காலையில் பொய் சொன்னேன். அல்லது மதியம்' என்று எழுதினான்.

பதினாலு கையெழுத்தும் சேர்ந்து சான்றிதழ் கிடைத்து, மே மாதக் கடைசியில் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அடுத்து விசா. மெட்ராஸில் இருந்த அந்த நாட்டுத் தூதரகம் அனுப்பிய தாளில், படிப்பு முடிந்ததும் விண்ணப்பதாரர் சொந்த நாட்டுக்குத் திரும்புவார் என்று காட்டும் கடிதம் ஒன்றை வேலை பார்க்கும் இடத்திலிருந்து வாங்கிவர வேண்டும் என்று கண்டிருந்தது. சிலாஸ் ஊழியர் நல மேலாளர் பத்மநாபனிடம் போனான்.

பத்மநாபன் மயிலாப்பூர்க்காரர். ஒரு வாக்கியத்தில் தன் தலை சிக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போவார்.

"நீங்க திரும்பி வருவேள்னு நான் எப்படி எழுதறது? நாளைக்கு நீங்க வரலைன்னா? ஆடிட்காரன் வந்து, யார் கையெழுத்துன்னு கேப்பான். நீங்க அங்க பனியில சௌக்கியமா இருப்பேள். நான் இங்க பதில் எழுதிண்டிருப்பேன்."

"அப்ப, வரமாட்டேன்னு எழுத வேண்டாம் ஸார், அது போதும்."

"வரமாட்டேள்னும் எழுத முடியாது. நீங்க வந்துட்டா? வராத ஒருத்தரை எப்படி உள்ள விட்டேள்னு அதே ஆடிட்காரன் கேப்பான்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சிலாஸ், நான் பதினாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இதுவரைக்கும் ஒரு விஷயத்துலகூட நான் அபிப்பிராயம் சொன்னது கிடையாது. அதனாலதான் பதினாறு வருஷமா இருக்கேன்."

கடிதம் சட்டப் பிரிவுக்குப் போய் ஒரு வரி கூடி வந்தது. நிதிப் பிரிவுக்குப் போய் ஒரு வரி குறைந்து வந்தது. கையெழுத்திட வேண்டிய பத்து அதிகாரிகளின் தலைகளில் ஒன்றுகூட எந்த வாக்கியத்திலும் சிக்காதபடி அது செதுக்கப்பட்டு, ஜூன் பதினெட்டாம் தேதி சிலாஸ் கைக்கு வந்தபோது இப்படி இருந்தது:

"திரு. சிலாஸ் மேல்படிப்புக்காக வெளிநாடு செல்வதில் நிர்வாகத்துக்கு ஆட்சேபணை இல்லை. படிப்பு முடிந்து அவர் திரும்பி வருவதிலும் நிர்வாகத்துக்கு ஆட்சேபணை இல்லை. அவர் திரும்பி வராமல் இருப்பதிலும் நிர்வாகத்துக்கு ஆட்சேபணை இல்லை."

வரைபடமாக இருந்திருந்தால் சிலாஸ் மூன்றாவது வாக்கியத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருப்பான். ஆனால் இது பத்து அதிகாரிகள் கையெழுத்திட்ட கடிதம். தவறு தன் பார்வையில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, நான்கு பிரதி எடுத்து, வரிசை எண் போட்டுக் கோப்பில் வைத்தான். மெட்ராஸ் ரயில் ஏறினான்.

தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி இருந்தார். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. அவர் பல்கலைக்கழகக் கடிதத்தைப் பார்த்துத் தலையசைத்தார். மதிப்பெண்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஏழு வருஷமா, மாலை வகுப்பிலா என்று கேட்டுச் சிரித்தார். சிலாஸ் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நம்பிக்கையோடு இருந்ததில்லை. அது நான்கு நிமிஷம் இருக்கும். பிறகு அதிகாரி நிர்வாகத்தின் கடிதத்தை எடுத்தார்.

"நான் சரியாகப் புரிந்துகொள்கிறேனா பாருங்கள். நீங்கள் போனால் இவர்களுக்குக் கவலையில்லை."

"ஆட்சேபணை இல்லை, ஸார்."

"வராவிட்டாலும் கவலையில்லை."

"ஆட்சேபணை இல்லை."

"நீங்கள் திரும்பி வராவிட்டால் ஆட்சேபிக்கக் கூடியவர் யாராவது ஒருவர் இருக்கிறாரா?"

சிலாஸ் நேர்மையாக யோசித்தான். "என் அம்மா."

"எழுத்தில் இருக்கிறதா?"

"இல்லை. இந்த விசா கிடைக்க வேண்டும் என்று அவர் இப்போது உபவாசத்தில் இருக்கிறார்."

அதிகாரி வருத்தத்தோடு பேனாவை மூடினார். "எங்கள் சட்டம் மிக எளிமையானது. எங்கள் நாட்டுக்கு வர விரும்புகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட விரும்புகிறார் என்று நாங்கள் கருத வேண்டும். அவ்வளவு நல்ல நாடு அது. வர விரும்பாதவர்களைப் பற்றி எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவர்கள் கேட்டால் உடனே கொடுப்போம். அவர்கள் கேட்பதில்லை." கடிதத்தைத் துவாரத்தின் வழியாகத் திருப்பித் தள்ளினார். "நீங்கள் இல்லாமல் முடியாது என்று சொல்லும் ஒரு தாளைக் கொண்டுவாருங்கள். பார்ப்போம்."

திரும்பும் வழி முழுக்க சிலாஸ் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை பேபி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். உள்ளூர்ப் பள்ளியில் படித்தவள், எதையும் முதலில் இந்தியில்தான் சொல்வாள்.

"நஹி மிலா?"

"ஆட்சேபணை இல்லாததால் கிடைக்கலை."

"க்யா?" என்றாள் பேபி. சிலாஸ் விளக்கினான். அவள் "அண்ணா, மேரா ஸ்ட்ராங் அப்ஜெக்‌ஷன் ஹை. எழுதிக் கொடுக்கட்டா?" என்றாள்.

திங்கட்கிழமை சிலாஸ் பத்மநாபன் மேஜையில் ஒரு விண்ணப்பம் வைத்தான். பொருள்: ஆட்சேபணை தெரிவிக்கக் கோருதல்.

பத்மநாபன் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றார். 

"என்ன கேக்கறேள் நீங்க? இந்த நிறுவனம் ஆரம்பிச்சு பதினெட்டு வருஷத்துல நாங்க யாருக்கும் எதுக்கும் ஆட்சேபணை சொன்னது கிடையாது. வெளிச்சுவர் இடிஞ்சு விழுந்தபோது சொல்லலை. போன வருஷம் நாம அனுப்பின கேஜ் மொத்தமும் திரும்பி வந்ததே, அப்பவும் சொல்லலை. சிரிச்சிண்டு வாங்கி வச்சிண்டோம். இப்ப உங்க ஒருத்தருக்காக ஆட்சேபிக்கணுமா?"

இருந்தாலும் விண்ணப்பம் வந்துவிட்டால் அதற்கு எண் கொடுத்தாக வேண்டும். எண் கொடுத்தால் குழு அமைத்தாக வேண்டும். ஆட்சேபணைக் குழு ஜூலை எட்டாம் தேதி கூடி, ஒருவரை ஆட்சேபிக்க வேண்டுமானால் அவர் இன்றியமையாதவராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, வரைபடப் பிரிவுத் தலைவர் ராமசுவாமியிடம் அறிக்கை கேட்டது.

ராமசுவாமி சிலாஸைத் தனியே கூப்பிட்டார்.

"நீ இல்லாம முடியாதுன்னு நான் எழுதிடுவேன் தம்பி. எனக்கென்ன. ஆனா அப்படிப்பட்ட ஆளுக்கு எட்டு வருஷமா ஏன் புரமோஷன் குடுக்கலைன்னு என்னைக் கேப்பாங்களே?"

"உண்மையைச் சொல்லுங்க ஸார்."

"உண்மை எனக்கே தெரியாதேப்பா."

ஆகவே விஞ்ஞானபூர்வமாகச் சோதிப்பது என்று ஆயிற்று. சிலாஸ் ஒரு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். அந்த வாரம் உற்பத்தி குறைந்தால் அவன் இன்றியமையாதவன். சிலாஸ் வீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக ராணுவக்காரர்கள் அணிவகுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு, தொழிற்சாலைக்கு ஏதாவது சின்ன நஷ்டம் வரக் கூடாதா என்று வேண்டினான். அப்படி வேண்டியதை வலது பக்கத்தில் எழுதினான்.

அந்த வாரம் உற்பத்தி பதினொரு சதவீதம் கூடியது. திருப்பி அனுப்ப ஆளில்லாததால் தவறான வரைபடங்களெல்லாம் தடையின்றி மேலே போய், கருவிகளாக மாறி, பெட்டியில் ஏறிவிட்டன. குழு சிலாஸுக்கு நன்றி தெரிவித்தது. இன்னும் சில வாரங்கள் விடுப்பு எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டது.

ஆகஸ்ட் பிறந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் எழுதியிருந்தார். நீ விண்ணப்பத்தோடு அனுப்பிய அழுத்தக் கணக்கு நன்றாக இருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் உனக்கு ஒரு மேஜை போட்டிருக்கிறோம், ஜன்னலோரம், செப்டம்பர் ஏழாம் தேதியை மறக்காதே. சிலாஸ் அதை டைரியில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் நடுவில் செருகிவைத்தான்.

பன்னிரண்டாம் தேதி குழு கடைசி முறையாகக் கூடியது. ஆட்சேபிக்கக் காரணமில்லை என்று எழுதக் காகிதத்தை எடுத்த நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. தீயணைப்பு அதிகாரி ஸ்டான்லி. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அவர் மெதுவாகப் பேசினாலே மேஜை அதிரும்.

"யாரு, நம்ம சிலாஸ் போறானா? எவன் சொன்னது? நான் விடமாட்டேன்!"

குழு எழுந்து நின்றது.

"செப்டம்பர் ஏழாம் தேதி சேர்மன் டெல்லியிலிருந்து வர்றார். அவர் முன்னால ஒத்திகை. யாரைப் படுக்க வைக்கறது? உன்னையா?" என்று பத்மநாபனைப் பார்த்தார். "உன்னையா?" என்று ராமசுவாமியின் வயிற்றைப் பார்த்தார். "ரெண்டு மாடி, நாப்பத்தெட்டு படி, தொண்ணூறு செகண்டு. மூவாயிரம் பேர் வேலை பார்க்கற இடத்துல தூக்கறதுக்கு லாயக்கா ஒரே ஒரு ஆள்தான்யா இருக்கான்! அவன் இல்லாம முடியாது."

மூலையில் நின்றிருந்த சிலாஸுக்குக் கண்ணில் நீர் வந்தது. எட்டு வருஷத்தில் முதல் முறையாக ஒருவர் அந்தச் சொற்களைச் சொல்லிவிட்டார்.

ஆட்சேபணைச் சான்றிதழ் பத்தொன்பதாம் தேதி தயாராயிற்று. 'திரு. சிலாஸ் நிறுவனத்துக்கு இன்றியமையாதவர். அவர் இல்லாமல் இருப்பதை நிர்வாகம் வன்மையாக ஆட்சேபிக்கிறது.' அதைவிட நல்ல வாக்கியத்தை அவன் படித்ததில்லை. நாராயணஸ்வாமி இடது கையால் சான்றிதழைக் கொடுத்தபடி வலது கையை நீட்டினார்.

"பாஸ்போர்ட்டை இங்க வை."

"எதுக்கு ஸார்?"

"ரூல் முப்பத்தொண்ணு. ஆட்சேபணை உள்ள ஊழியரோட பாஸ்போர்ட் நிர்வாகத்துக் கஸ்டடியில இருக்கணும். பயப்படாதே, இரும்புப் பெட்டியில பத்திரமா இருக்கும். உன் வீட்டைவிட சேஃப்பு."

சான்றிதழ் வேண்டும் என்பதால் சிலாஸ் கொடுத்தான். பிரதியைப் பதிவுத் தபாலில் தூதரகத்துக்கு அனுப்பினான். இருபத்தெட்டாம் தேதி பதில் வந்தது: உங்கள் நிர்வாகம் உங்களை எளிதில் விடாது என்பதில் எங்களுக்கு முழுத் திருப்தி ஏற்பட்டிருக்கிறது, செப்டம்பர் மூன்றாம் தேதிக்குள் பாஸ்போர்ட்டுடன் நேரில் வந்து விசாவைப் பெற்றுக்கொள்ளவும்.

வீட்டில் அம்மா முழங்காலில் விழுந்து ஸ்தோத்திரம் சொன்னாள். சிலாஸ் கடிதத்தை எடுத்துக்கொண்டு நாராயணஸ்வாமியிடம் ஓடினான்.

"பாஸ்போர்ட்டா? தந்துடலாமே," என்றார் அவர். "புதுசா ஒரு ஆட்சேபணை இல்லாச் சான்றிதழ் கொண்டா."

"நீங்கதானே ஸார் அதைத் தரணும்?"

"ஹவ், நான்தான் தரணும். ஆனா அது தந்தா இது கேன்சல். ஒரே ஆளுக்கு ஆட்சேபணை இருக்கு, இல்லைன்னு ரெண்டும் நாங்க சொல்ல முடியுமா? நாலு பேர் சிரிப்பாங்க. நீயே சொல்லு, எது வேணும்?"

"பாஸ்போர்ட் வேணும் ஸார்."

"நக்கோப்பா, அப்படிக் கேக்காதே. இருக்கா, இல்லையா, அதுல ஒண்ணைக் கேளு."

சிலாஸ் ஸ்டான்லியிடம் போனான். ஸ்டான்லி நல்லவர். சிலாஸின் தோளில் கை போட்டார்.

"தம்பி, எனக்கு உன்மேல கோபமா? எடை ஐம்பதுக்கு மேல போச்சுன்னு டிஸ்பென்சரி எழுதிக் குடுத்துச்சுன்னா, நீ எனக்கு உதவ மாட்டே, நான் இப்பவே விட்டுடறேன். ஆபீஸ்காரன் பாஸ்போர்ட்டைத் தந்துதானே ஆகணும்? அந்த எம்பசிக்காரன்கிட்ட பழைய பேப்பரைக் காட்டிக்கோ."

இது நேர்மையில்லை என்று சிலாஸுக்குத் தெரிந்தது. வலது பக்கத்தில் முதல் வரியாக எழுதிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தான். அம்மா வேளைக்கு ஆறு முட்டை வைத்தாள். பேபி பக்கத்து அல்வால் கடைத்தெருவிலிருந்து சீப்புச் சீப்பாக வாழைப்பழம் வாங்கிவந்தாள். "கா லோ, கா லோ, சாப்பிடுண்ணா, இன்னும் நாலு கிலோதான்," என்று பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொன்னாள். மூன்று நாளில் அவனுடைய பெல்ட் ஒரு துளை தள்ளிப் போயிற்று.

ஒன்றாம் தேதி காலையில் டிஸ்பென்சரி எடை மேடையில் ஏறினான். முள் நாற்பத்தாறில் நின்றது. இறங்கி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து ஏறினான். நாற்பத்தாறு. எடை பார்த்த கம்பவுண்டர் வாசுவை ஏறச் சொன்னான். வாசு நல்ல ஆகிருதி. நாற்பத்தாறு. கையில் தீயணைப்பு உருளையைப் பிடித்துக்கொண்டு ஏறச் சொன்னான். நாற்பத்தாறு.

"மெஷின் சிக்கியிருக்கு," என்றான் சிலாஸ்.

வாசு திடுக்கிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். "மெதுவாப் பேசு! இது நம்ம கம்பெனி செஞ்ச மெஷினுப்பா. சீல் பாரு. அளவு காட்டற கருவி செய்யற கம்பெனியில, அளவு தப்புன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு." அவர் பதிவேட்டில் எழுதினார்: நாற்பத்தாறு.

இரண்டாம் தேதி போயிற்று. மூன்றாம் தேதி, தூதரகம் மூடும் நேரத்தில், சிலாஸ் தன் மேஜையில் ஒரு வரைபடத்தின் முன் உட்கார்ந்திருந்தான். அதில் ஒரு குழாய் எங்கிருந்து கிளம்பியதோ அங்கேயே போய்ச் சேர்ந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்தான். பிறகு கீழே வைத்துவிட்டான். அந்த வரைபடம் தடையின்றி மேலே போயிற்று.

ஏழாம் தேதி திங்கட்கிழமை. டெல்லியிலிருந்து சேர்மன் வந்தார். திறந்த வெளியில் ஷாமியானா போட்டு, மாலை போட்டு, அவரைப் பேச வைத்தார்கள். தொலைவில், இரண்டாவது மாடித் தரையில், சட்டையில் சிவப்பு மை தெளித்துக்கொண்டு சிலாஸ் படுத்திருந்தான். ஒலிபெருக்கி அங்கும் கேட்டது.

"இந்த நாட்டின் மூளைகள் வெளியே ஓடிக்கொண்டிருக்கின்றன," என்றார் சேர்மன். "என் மூத்த மகன் வெளியேதான் இருக்கிறான். இளையவன் போன மாதம் போனான். மருமகனும் அங்கே. அந்த வேதனை எனக்குத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு முறை நேரில் போய் அதை அனுபவிக்கிறேன். ஆனால் இங்கே, இந்த நிறுவனத்தில், ஒரு இளைஞனை நிர்வாகமே ஆட்சேபித்துத் தடுத்து நிறுத்தியிருக்கிறது என்று அறிந்தேன். எல்லா நிறுவனங்களும் இப்படித் தடுத்தால் என் மகன்களுக்கு அங்கே போட்டியே... அதாவது, நம் நாட்டுக்குப் பெரிய முன்னேற்றம்."

கைதட்டினார்கள். அபாயச் சங்கு ஊதியது. நான்கு காவலர்கள் ஓடிவந்து சிலாஸைத் தூக்கினார்கள்.

விதிப்படி, காயம்பட்டவர் அபாயம் நீங்கியதாக இரண்டாவது சங்கு ஊதும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது. சிலாஸ் எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட மீறியதில்லை. படிகள் குலுங்கின. ஏழாம் தேதி இங்கே மாலையானால் அங்கே இப்போதுதான் காலையாகியிருக்கும் என்று கணக்குப் போட்டான். அங்கே பதிவேட்டைத் திறந்திருப்பார்கள். ஜன்னலோர மேஜையில் வெயில் விழுந்திருக்கும். கணக்கில் ஏதாவது தவறு இருக்குமோ என்று மறுபடி போட்டுப் பார்த்தான். சரியாகவே இருந்தது.

ஸ்ட்ரெச்சர் தரையில் இறங்கியது. "எண்பத்தேழு செகண்டு!" என்று ஸ்டான்லி கத்தினார். ஷூச் சத்தம் நெருங்கியது. முகத்தின் மேல் சந்தன வாசனை அடித்தது. சேர்மனின் மாலையாக இருக்க வேண்டும்.

"பாவம், யார் இந்தப் பையன்? என்ன ஆயிற்று இவனுக்கு?" என்றது சேர்மனின் குரல்.

ஒத்திகைக் குறிப்பில் எழுதியிருந்ததை ஸ்டான்லி விறைப்பாக ஒப்பித்தார். "வெளியே ஓட முயற்சி பண்ணும்போது தடுக்கி விழுந்துட்டார், ஸார்."

"நல்லவேளை, பிடித்துவிட்டீர்கள்," என்றார் சேர்மன்.

எல்லோரும் டீ குடிக்க ஷாமியானாவுக்குப் போனார்கள். இரண்டாவது சங்கை ஊத வேண்டிய ஆளும் டீ குடிக்கப் போயிருந்தார். சிலாஸ் கண்ணைத் திறக்கவில்லை.